பிடித்த ஃபேன்டஸி நாவலின் அட்டைகளை ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரே நாவலுக்கு வந்த ஏழெட்டு அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது சுலபம். பார்த்து முடித்த பிறகு "மூணாவதுதான் சூப்பர்" என்பதற்கு மேல் ஒரு வரி எழுத வராது. நானும் முதல் இரண்டு தடவை அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். அப்புறம் நண்பர்கள் சிலர் இதற்கு உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்து கவனித்தேன். எல்லோரும் தடுமாறியது ஒரே இடத்தில்: படங்களை முதலில் திறந்துவிடுகிறார்கள். படம் கண்ணில் பட்டுவிட்டால், நாவலில் என்ன இருந்தது என்பதையே அந்தப் படம்தான் சொல்ல ஆரம்பிக்கும்.

அதனால் இங்கே படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். படங்கள் மூன்றாவது படியில்தான் வரும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நாவலின் பிரதி ஒன்று வேண்டும். மின்நூல் என்றால் இன்னும் வசதி, சொற்களைத் தேடலாம். எக்செல் மாதிரி அட்டவணை போட ஏதாவது ஒன்று, ஒரு ஃபோல்டர், படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஒரு செயலி. ஸ்லைடு தயாரிக்கும் செயலியே போதும், ஃபோட்டோஷாப் எல்லாம் வேண்டாம்.

ஒரு தலைப்பு, நான்கிலிருந்து ஆறு அட்டைகள். இதுதான் அளவு. முழுத் தொடரையும் எடுத்தால், பத்துப் பாகத்துக்கு ஆறு வீதம் அறுபது படங்கள் சேர்ந்துவிடும். பாதி தாண்டும் முன்பே கண் மரத்துப்போய் எல்லாம் ஒரே மாதிரி தெரியும்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"எது அழகு?" என்ற கேள்வி வேண்டாம். அதற்கு வரும் பதிலோடு யாரும் வாதிட முடியாது, அதனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

உதவும் கேள்வி இப்படி இருக்கும்: நாயகனின் தோற்றத்தை எந்த அட்டை நாவலில் உள்ளபடி காட்டுகிறது? எந்தக் கட்டத்தில் ஆட்கள் மறைந்து வாள், கிரீடம், சின்னம் மட்டும் அட்டைக்கு வந்தன? ஒரே ஆண்டில் இரண்டு நாடுகளில் வந்த அட்டைகள் ஏன் இவ்வளவு வேறாக இருக்கின்றன? கேள்வி இருந்தால்தான் எந்த அட்டையைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தெரியும்.

2. அட்டையை மறந்துவிட்டு நாவலைத் திறங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. இதைத் தாண்டினால் மற்றவை எல்லாம் வீண்.

அட்டையில் வரக்கூடிய விஷயங்களை நாவலில் தேடி, அந்த வரிகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். முக்கியப் பாத்திரங்களின் வயது, நிறம், முடி, உடை, ஊரும் நிலமும், விலங்குகள், மந்திரம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பது. பக்க எண்ணையும் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம். நம் நினைவில் இருக்கும் முகம் பெரும்பாலும் நாம் முதலில் பார்த்த அட்டையிலிருந்தோ திரைப்படத்திலிருந்தோ வந்த முகம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அர்சுலா லே குவின் 1968-இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலைப் பாருங்கள். நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் நண்பன் வெட்ச் கருநிறத்தவன் என்று நாவலே சொல்கிறது. ரூத் ராபின்ஸ் வரைந்த முதல் பதிப்பின் அட்டையில் கெட் பழுப்பாகத்தான் இருக்கிறான். பின்னால் வந்த பல அட்டைகள் அவனை வெள்ளைக்காரனாக்கின. லே குவின் இதைப் பற்றிப் பல முறை வெளிப்படையாகவே குறைப்பட்டிருக்கிறார். நாவலின் வரியைக் குறித்து வைக்காமல் அந்த அட்டைகளைப் பார்ப்பவருக்கு எதுவுமே உறுத்தாது. அழகான ஓவியம் என்று பாராட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

குறிப்பு எடுக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த வர்ணனையைச் சொல்வது யார்? டெரி பிராட்செட்டின் 'தி கலர் ஆஃப் மேஜிக்' நாவலில் டூஃப்ளவர் என்ற சுற்றுலாப் பயணிக்கு நான்கு கண்கள் என்று வரும். மூக்குக்கண்ணாடியைப் பார்த்தறியாதவர்களின் பார்வை அது. ஓவியர் ஜாஷ் கிர்பி அதை அப்படியே எடுத்துக்கொண்டு, அட்டையில் நிஜமாகவே நான்கு கண்களை வரைந்துவிட்டார். சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்தும் கதைக்குத் தப்பான அட்டை! எனக்கு அது இன்றும் பிடிக்கும், அது வேறு விஷயம்.

இந்தப் படியின் கடைசி வேலை: இந்த நாவலை முதன்முதலில் எந்த அட்டையோடு படித்தீர்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, மடித்து வைத்துவிடுங்கள். ஏன் என்பது எட்டாவது படியில்.

3. படங்களைச் சேருங்கள், ஆனால் ஆளறிந்து சேருங்கள்

இப்போது படங்களுக்கு வரலாம். தேடுபொறியில் நாவலின் பெயரோடு 'கவர்' என்று போட்டால் நூறு படம் கொட்டும். அதில் ரசிகர்கள் தாங்களே செய்த அட்டைகள் இருக்கும், செயற்கை நுண்ணறிவு உருவாக்கியவை இருக்கும், திரைப்பட போஸ்டர்கூட இருக்கும். ஒருவர் பாதி நாள் செலவழித்து ஒப்பிட்ட அட்டைகளில் ஒன்று, எந்தப் பதிப்பகமும் வெளியிடாதது என்று கடைசியில் தெரியவந்தது. இருந்த ஆறில் அதுதான் மிக அழகாக இருந்தது என்பதில் அவருக்கு இரட்டை வருத்தம்.

ஃபேன்டஸி, அறிவியல் புனைகதை நூல்களுக்கு 'இன்டர்நெட் ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்ஷன் டேட்டாபேஸ்' என்ற இலவசத் தரவுத்தளம் இருக்கிறது. நாவலின் பெயரைத் தேடினால் பதிப்புகள் வரிசையாக வரும்: ஆண்டு, பதிப்பகம், வடிவம், தெரிந்த இடங்களில் அட்டை ஓவியர் பெயர். முதலில் இங்கிருந்து பட்டியலை எடுங்கள், பிறகு அந்தப் பட்டியலுக்குப் படம் தேடுங்கள். படத்திலிருந்து பதிப்பைத் தேடிப் போனால் தலைகீழ் வேலையாகிவிடும்.

இங்கே மூன்று பொறிகள் உண்டு.

முதலாவது, ஐஎஸ்பிஎன் எண்ணை (நூலின் ஒவ்வொரு பதிப்புக்கும் தரும் அடையாள எண்) அட்டையின் அடையாளமாக நம்புவது. எண் அப்படியே இருக்க, மறு அச்சில் அட்டை மட்டும் மாறுவது நடக்கும். விற்பனைத் தளங்களில் பழைய பதிப்பின் பக்கத்தில் புதிய படத்தைப் போட்டுவிடுவதும் சாதாரணம். 2006 முடியும் வரை இந்த எண்ணுக்குப் பத்து இலக்கம், அதன் பிறகு பதின்மூன்று. பழைய எண்ணை மாற்றும்போது முன்னால் 978 சேர்வதோடு கடைசி இலக்கமும் மாறக்கூடும் என்பதால், வெறுமனே 978-ஐ ஒட்டித் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

இரண்டாவது, பதிப்பையும் அச்சையும் குழப்பிக்கொள்வது. கையில் புத்தகம் இருந்தால் பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். பல ஆங்கிலப் பதிப்பகங்கள் அங்கே 10 9 8 7 என்பதுபோல ஓர் எண் வரிசை போடும். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் அது எத்தனையாவது அச்சு என்று சொல்வது. ஒரே பதிப்பின் அச்சுகளுக்குள்ளேயே அட்டை மாறியிருக்கலாம். 1965-இல் அமெரிக்காவில் பாலன்டைன் வெளியிட்ட 'தி ஹாபிட்' பேப்பர்பேக்கின் அட்டையில் ஒரு சிங்கம் இருந்தது. கதைக்கும் சிங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நாவலை எழுதிய டோல்கீன் கடுப்பானார். பிந்தைய அச்சுகளில் சிங்கம் காணாமல் போனது. எந்த அச்சு என்று குறிக்காமல் "பாலன்டைன் அட்டை" என்று எழுதினால், ஒருவர் சிங்கம் இருக்கிறது என்பார், இன்னொருவர் இல்லை என்பார், இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும்.

மூன்றாவது, முன்னட்டையை மட்டும் சேமிப்பது. முதுகும் பின்னட்டையும் சேர்ந்த படம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கஸு கிபுயிஷி 2013-இல் அமெரிக்க ஹாரி பாட்டர் பதிப்புகளுக்கு வரைந்தபோது, ஏழு புத்தகங்களையும் அடுக்கினால் முதுகுகள் சேர்ந்து ஹாக்வார்ட்ஸ் கோட்டையாகத் தெரியும்படி அமைத்தார்கள். முன்னட்டைகளை மட்டும் ஒப்பிட்டால் இந்த யோசனையே கண்ணில் படாது. அதே தொடரின் முதல் நூலுக்கு 1997-இல் பிரிட்டனில் தாமஸ் டெய்லர் வரைந்த அட்டையின் பின்பக்கத்தில், கதையில் இல்லாத யாரோ ஒரு மந்திரவாதி நிற்கிறார். பின்னால் அவரை எடுத்துவிட்டு, கதையில் வரும் தலைமை ஆசிரியர் டம்பிள்டோரைப் போட்டார்கள்.

4. அட்டவணையை நிரப்புங்கள்

ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு வரிசை. ஆண்டு, நாடு, பதிப்பகம், கெட்டி அட்டையா பேப்பர்பேக்கா, எந்த வயது வாசகருக்கு, ஓவியர், வடிவமைப்பாளர், படம் எங்கிருந்து எடுத்தது.

ஓவியரும் வடிவமைப்பாளரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். படத்தை வரைந்தவர் ஒருவர். எழுத்துருவைத் தேர்ந்து, தலைப்பை எங்கே வைப்பது, படத்தை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்தவர் இன்னொருவர். நல்ல ஓவியத்தை மோசமான எழுத்து கெடுத்திருந்தால் பழி யார் மேல் என்பதை இந்த இரண்டு கட்டங்கள்தான் காட்டிக்கொடுக்கும். பெயர் தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பாணியைப் பார்த்து ஊகித்து எழுதாதீர்கள்.

5. எல்லாப் படங்களையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்

ஒரு படம் பெரிதாகவும் தெளிவாகவும், இன்னொன்று மங்கலான சின்ன ஸ்கேனாகவும் இருந்தால், பெரியதுதான் ஜெயிக்கும். உயரத்தைச் சமமாக்குங்கள். அகலத்தை இழுக்க வேண்டாம். பைக்குள் அடங்கும் பேப்பர்பேக் கெட்டி அட்டைப் பதிப்பைவிடச் சற்று ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுக்கமே வடிவமைப்பைப் பாதித்திருக்கும் என்பதால் அதைக் காப்பாற்ற வேண்டும். பின்னணி எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கட்டும். வெள்ளைப் பின்னணியில் இருண்ட அட்டை இன்னும் இருண்டு தெரியும்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது அடக்கி வாசியுங்கள். நாற்பது வருடப் பழைய அட்டை வெயிலில் வெளுத்திருக்கலாம், ஸ்கேனர் மஞ்சளடித்திருக்கலாம். அதே அட்டைக்கு இரண்டு மூன்று படங்கள் எடுத்துப் பாருங்கள். மூன்றிலும் நிறம் ஒத்துப்போனால் மட்டும் அதைப் பற்றி எழுதுங்கள். தங்க ஃபாயில், எழும்பி நிற்கும் எழுத்து, பளபளப்புப் பூச்சு இவையெல்லாம் ஸ்கேனில் செத்துப்போகும். ஃபாயில் எழுத்து சில ஸ்கேன்களில் கறுப்பாகவே விழும். அதை வைத்து "தலைப்பு படிக்கவே முடியவில்லை" என்று ஒருவர் திட்டி எழுதியதைப் படித்திருக்கிறேன். சாய்த்து எடுத்த புகைப்படமோ காணொளியோ கிடைத்தால் இந்தச் சந்தேகம் தீரும்.

6. மூன்று தூரங்களில் பாருங்கள்

முதலில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள். ஆன்லைனில் ஒரு புத்தகத்தை முதலில் பார்ப்பது கிட்டத்தட்ட இந்த அளவில்தான். தலைப்பு படிக்க வருகிறதா? ஏதாவது ஒரு வடிவமாவது நிற்கிறதா? சின்னம் மட்டும் போட்ட அட்டைகள் இங்கே தேறும். படையும் டிராகனும் கோட்டையுமாக நிறைந்த பழைய ஓவியங்கள் சேறாகிவிடும். உடனே பழையதை மட்டம் தட்டிவிடாதீர்கள். அவை கடை அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்க வரைந்தவை.

அடுத்து அந்தக் கைத்தூரம். நிஜப் புத்தகத்தின் அளவுக்குப் படத்தைத் திரையில் வைத்து, மூன்று விநாடி பார்த்துவிட்டு மூடுங்கள். கண் முதலில் எங்கே போனது, இரண்டாவதாக எங்கே போனது என்று எழுதுங்கள். முகமா, ஆசிரியர் பெயரா, தலைப்பா? ஆசிரியர் பெயர் தலைப்பைவிடப் பெரிதாக இருந்தால், அந்தப் பதிப்பு வருவதற்குள் அவர் பெயரே விற்க ஆரம்பித்துவிட்டது என்று பெரும்பாலும் புரிந்துகொள்ளலாம்.

கடைசியாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கதையைப் படித்தவருக்கு மட்டும் புரியும் விஷயங்களை ஓவியர்கள் இங்கேதான் ஒளித்துவைப்பார்கள். 1937-இல் வந்த 'தி ஹாபிட்' முதல் பதிப்பின் மேலுறையை டோல்கீனே வரைந்தார். சுற்றிலும் ஓடும் ரூன் எழுத்துகள் (பழங்கால வட ஐரோப்பிய எழுத்துமுறை) வெறும் அலங்காரமாகத் தெரியும். எழுத்துக்கூட்டிப் படித்தால் நூலின் பெயர், அது நாயகன் பில்போவின் ஒரு வருடப் பயணக் குறிப்பு என்பது, ஆசிரியர், பதிப்பகம் எல்லாம் அதிலேயே இருக்கும்.

வெளிச்சமும் நிழலும் எப்படி என்று குழப்பமாக இருந்தால், படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறத்தின் மயக்கம் போனபிறகு நிற்கும் அட்டைகள் குறைவுதான்.

7. நாவலின் வரிகளோடு பொருத்துங்கள்

இரண்டாவது படியில் எடுத்த குறிப்புகளை இப்போது எடுங்கள். அட்டையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் மூன்றில் ஒரு அடையாளம்: நாவலில் இருக்கிறது; நாவலில் இல்லை, ஆனால் முரணும் இல்லை; நாவலுக்கு முரண்.

நடுவில் இருக்கும் வகையைத்தான் புதியவர்கள் தவறாகக் கையாள்கிறார்கள். நாவலில் அப்படி ஒரு காட்சி இல்லை என்பதாலேயே ஒரு அட்டையைத் தப்பு என்று சொல்ல முடியாது. இரண்டு அத்தியாயங்களைச் சேர்த்து ஒரே காட்சியாக வரைவது ஓவியருக்கு உள்ள சுதந்திரம். முரண் என்ற அடையாளத்தைப் பக்க எண் காட்ட முடிந்தால் மட்டும் போடுங்கள்.

முரண் கிடைத்ததும் "ஓவியர் புத்தகத்தையே படிக்கவில்லை" என்று எழுதக் கை பரபரக்கும். சில சமயம் அது உண்மையாகவே இருக்கும். அந்த பாலன்டைன் அட்டைகளை வரைந்த பார்பரா ரெமிங்டன், வரையும் முன் புத்தகங்களைப் படிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று பிறகு சொல்லியிருக்கிறார். ஆனால் அதை அவரே சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது. மற்ற இடங்களில் காரணம் வேறாக இருக்கலாம்: காலக்கெடு, விற்பனைப் பிரிவின் கட்டளை, அச்சுச் செலவு. டோல்கீனின் அந்த மேலுறையில் சூரியன் சிவப்பாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். இன்னொரு நிறத்துக்குச் செலவு கூடும் என்று பதிப்பகம் சிவப்பை விட்டுவிட்டது. இது தெரியாமல் "சூரியனுக்கு நிறம் கொடுக்காதது ஆழமான குறியீடு" என்று ஒரு பத்தி எழுதினால் எப்படி இருக்கும்!

அதனால் முரணுக்குப் பக்கத்தில், அட்டவணையிலிருந்து வாசகர் வயதையும் வடிவத்தையும் எடுத்து எழுதுங்கள். ஹாரி பாட்டரின் முதல் நூலுக்கு 1998-இல் பிரிட்டனில் பெரியவர்களுக்கென்று தனி அட்டை போட்டார்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு ரயிலின் புகைப்படம். உள்ளே அதே கதை, ஒரு சொல் மாறவில்லை. குழந்தைகளுக்கான அட்டையோடு அதை வைத்து "மாயமே இல்லையே" என்று குறை சொல்வது அர்த்தமில்லாதது. மாயம் தெரியாமல் இருப்பதுதான் அந்த அட்டைக்குக் கொடுத்த வேலை.

8. எழுதுங்கள்: இரண்டிரண்டாக

ஆறு அட்டைகளையும் ஒரே பத்தியில் அள்ளிப்போட்டால் வாசகர் தொலைந்துபோவார். இரண்டு இரண்டாக எடுங்கள். ஒரே ஆண்டு, வேறு நாடு. ஒரே ஓவியர், வேறு வடிவமைப்பு. ஒரே காட்சி, வேறு ஓவியர். ஏதாவது ஒன்று ஒத்திருந்தால்தான் மற்ற வேறுபாட்டுக்குக் காரணம் சொல்ல முடியும்.

ஒவ்வொரு ஜோடிக்கும் முதலில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள், அப்புறம் வேறுபாடு, கடைசியில் உங்கள் தீர்ப்பு. தீர்ப்பை முன்னால் போட்டால், வர்ணனை முழுக்க அதற்கு வக்காலத்து வாங்கப் போய்விடும்.

எழுதி முடித்த பிறகு, நாவலைப் படிக்காத ஒருவரிடம் அட்டைகளை மட்டும் காட்டி, கதை எதைப் பற்றியதாக இருக்கும் என்று கேளுங்கள். உங்கள் விளக்கத்தைச் சொல்லிவிட்டுக் கேட்கக் கூடாது, மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். நான் கேட்டபோது, எனக்கு மிகவும் பிடித்த அட்டையைப் பார்த்து ஒருவர் "சமையல் புத்தகமா?" என்றார். அதையும் அப்படியே எழுதிச் சேர்த்தேன்.

படங்களை வெளியிடும்போது ஒவ்வொன்றின் கீழும் ஓவியர், பதிப்பகம், ஆண்டு. பேசுவதற்குத் தேவையான அளவுக்குச் சிறிய படம் போதும். அச்சிட்டு மாட்டும் அளவுக்குப் பெரிய கோப்பைப் போடாதீர்கள், அது அவர்கள் உழைப்பு.

இப்போது மடித்து வைத்த தாளைப் பிரியுங்கள். நீங்கள் முதலிடம் கொடுத்த அட்டையும் அதில் எழுதியதும் ஒன்றேதானா? ஒன்றேதான் என்றால் கட்டுரையை அழிக்க வேண்டியதில்லை. தீர்ப்புக்கு முன்னால் "இந்த அட்டையோடுதான் நான் முதலில் படித்தேன்" என்று ஒரு வரி சேருங்கள். பிறகு அந்த ஜோடியை மட்டும் ஒரு வாரம் கழித்து, இடவலம் மாற்றிவைத்து, இன்னொரு முறை ஆறாவது படியிலிருந்து பாருங்கள். எனக்கு நான்கு தடவையில் மூன்று தடவை தாளும் தீர்ப்பும் ஒன்றாகத்தான் இருந்தன. நான்காவது, அந்தச் சமையல் புத்தகம்.